ஒரு சாண் நீலச் சுவர்

ஓவியக் கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் படங்களை முன்னால் நின்றுதான் பார்ப்பார்கள். அதுதான் முறை, அதற்காகத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் இருக்கும் நானூற்றுச் சொச்சம் படங்களின் முதுகையும் ஒன்றுவிடாமல் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய அடையாள அட்டையில் 'தையல் பிரிவு' என்று போட்டிருக்கும். பிரிவு என்றதும் பத்துப் பேர் வேலை செய்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தையல் மெஷின், ஒரு நீள மேசை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதில் இவர். உறைக்காரம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

படங்கள் ஊர்விட்டு ஊர் போகும்போதும், கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும்போதும், தூசியும் வெளிச்சமும் படாமல் இருக்கத் துணியுறை வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் அளவுக்குத் தைக்க வேண்டும். மனிதர்களுக்குச் சட்டை தைக்கிற மாதிரிதான். மூலை சாய்ந்த படம் இருக்கும், நடு வயிறு தள்ளிய படம் இருக்கும், ஒரு பக்கமாகக் கனக்கும் படம் இருக்கும். குறை எதுவும் வெளியே தெரியாமல் உறை உட்கார வேண்டும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினாறு வருடம் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் இருந்தார். ஒரே நிறம், ஒரே காலர், ஒரே பாக்கெட். கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம். சில பேர் அப்படித்தான் தைத்தார்கள் என்று இவர் சொல்வார். அந்தத் தொழில் இவருக்குச் சோறு போட்டது, கொஞ்சம் தலைக்கனமும் கொடுத்தது. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. பஸ்ஸில் முன்சீட்டு ஆளின் காலர் கோணலாக இருந்தால் இறங்குகிற வரைக்கும் இவருக்கு இருப்புக் கொள்ளாது.

அளந்து வெட்டி, வெட்டியபடி தைத்து, தைத்ததை மறந்துவிடுகிற அந்த வாழ்க்கையில் ஒரே ஒரு விதிவிலக்கு, நாத்தனாருக்குத் தைத்த கோட்டு. தைத்து முடித்து, பொத்தான் வைத்து, போட்டும் பார்த்தாகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இவர் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து இடுப்பின் இரண்டு பக்கமும் பிரித்து, வேறு துணியில் மூன்று விரல் அகலத்துக்குத் துண்டு வைத்துத் தைத்தார். நல்ல கோட்டைக் கெடுத்துக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டாய் என்று நாத்தனார் அழாத குறை. போட்டுப் பார்த்த பிறகு, பத்து வருடம் அந்தக் கோட்டைக் கழற்றவில்லை. எதற்காகப் பிரித்தாய் என்று கேட்டவர்களுக்கு இவரால் பதில் சொல்ல முடியவில்லை. மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான் என்றார்.

கூடத்துக்கு வந்த முதல் நாலு வருடம் படங்களின் முகத்தை இவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படம் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "மூணே முக்காலுக்கு நாலரை" என்பார். படத்தைக் கம்பளத்தில் குப்புறக் கிடத்தித்தான் அளவெடுப்பது வழக்கம் என்பதால் இவருக்குப் பழக்கமானதெல்லாம் முதுகுகள்தான். முதுகில் என்னதான் இருக்காது? பென்சில் கணக்கு, டீ கிளாஸ் வைத்த வட்டம், தலைகீழாகப் பாதி வரைந்து விட்ட ஒரு காது.

ஒருநாள் ஒரு சின்னப் படத்தின் முதுகில் வரிசையாகப் பெயர்கள் எழுதி அடித்திருந்ததைப் பார்த்தார். 'மழை' என்று எழுதி அடித்திருந்தது. 'தெரு', அதுவும் அடித்திருந்தது. 'மழை விட்ட தெரு', 'மாலை', 'அவர்கள் போன பிறகு' எல்லாவற்றுக்கும் அதே கதி. கடைசியில் 'ஈரம்'. பெரிய மனுஷர் என்கிறார்கள், ஒரு பெயர் வைக்க ஆறு தடவை முழித்திருக்கிறாரே என்று இவருக்குச் சிரிப்பு வந்தது. படத்தைத் திருப்பினார். நாலு வருடமாகத் தினமும் தாண்டிப்போன படம்தான். ஆளில்லாத தெரு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். 'அவர்கள் போன பிறகு' என்ற அந்த அடித்த பெயரை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, தெருவின் ஓரத்தில் ஈரக் கால்தடங்கள் தெரிந்தன. ஒரு பெரிய ஜோடி, ஒரு சின்ன ஜோடி. சின்னது நடுவில் காணாமல் போய், பெரியது மட்டும் மேலே போனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். உறைக்காரம்மா அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் படத்தின் முன்னால் நின்றார்.

அதிலிருந்து இவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. முதலில் முதுகு, பிறகு முகம். போட்டவர் எங்கே தடுமாறினார், எதை அழித்தார், எங்கே துணியைக் கழற்றி மறுபடி அடித்தார் என்று பின்னால் பார்த்துவிட்டு முன்னால் வருவார். வந்தால் படம் முன்னைவிட ஒரு பங்கு கூடுதலாகப் பேசும். படங்களுக்குச் சட்டம் போடும் சட்டக்காரர், இவரைவிடப் பத்து வயது இளையவர், வாய் நீளம். "அக்கா மாப்பிள்ளை பார்க்கப் போனாக்கூட, தம்பி கொஞ்சம் திரும்பி நில்லுங்கன்னுதான் சொல்லும்" என்று கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இவருடைய இன்னொரு பெருமை அளவுப் புத்தகம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். அளவு, கனம், முதுகின் நிலைமை எல்லாம் இவர் கையெழுத்தில். பதினேழு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் ஓர் அடித்தல் கிடையாது. ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான்.

வினை அங்கிருந்துதான் வந்தது.

கூடத்துக்குக் கூட்டம் சேர்க்கிற படம் ஒன்று உண்டு. நாற்காலியில் ஒரு பெண் பக்கவாட்டில் உட்கார்ந்து, இடது பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்வை போகும் இடத்தில் வெறும் நீலச் சுவர், அதன்மேல் கொஞ்சம் வெயில். வேறொன்றும் இல்லை. அந்தச் சுவரின் கடைசி ஒரு சாண் மட்டும் தனித் துணி. படம் வரைந்த கித்தானோடு ஒரு சாக்குத் துண்டைச் சேர்த்து, முரட்டு நூலால் தைத்திருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் ஒரு மெல்லிய மேடு மட்டும் தெரியும்.

படத்தை வெளியூர்க் கண்காட்சிக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. புதிதாக வந்திருந்த காப்பாளர் கண்டிப்பானவர், ஆனால் நியாயமான பெண்மணி. படத்துக்குப் புதுச் சட்டம் போட முடிவு செய்து, நிபுணர் ஒருவரிடம் அறிக்கை வாங்கினார். சாக்குத் துண்டு ஓவியர் இறந்த பிறகு வேறு யாரோ சேர்த்தது, ஆகவே அதைப் பின்பக்கமாக மடித்துவிட்டு அசல் அளவுக்குச் சட்டம் போடலாம் என்று அறிக்கை சொன்னது. புதன்கிழமை மடிக்கிற வேலை. உறைக்காரம்மாவுக்குச் சீட்டு வந்தது: புது உறை, அகலத்தில் ஒரு சாண் குறைவு.

ஏன் குறைவு என்று கேட்கப் போனார். காப்பாளர் பொறுமையாக விளக்கிவிட்டு அறிக்கையைக் காட்டினார். ஆதாரங்கள் என்ற தலைப்பின் கீழ் முதல் ஆதாரம், கூடத்தின் சொந்த அளவுப் புத்தகம். பதினாறு வருடத்துக்கு முன் எழுதிய வரி அப்படியே எடுத்துப் போட்டிருந்தது: 'இடது பக்கம் துண்டு. பிறகு வந்த கை. மட்டமான தையல்.'

இவருடைய வரிதான். காப்பாளர் மரியாதையாக, உங்கள் கண் பழுதில்லாத கண் என்று நிபுணரே பாராட்டினார் என்றார். உறைக்காரம்மா அந்த வரியை மறுபடி படித்தார். எந்த ஆதாரத்தில் அப்படி எழுதினோம் என்று யோசித்துப் பார்த்தால் ஓர் ஆதாரமும் இல்லை. அப்போது இவர் படத்தின் முகத்தைப் பார்க்கிற ஆள்கூட இல்லை. தையல் கேவலமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஓவியர் இப்படியா தைப்பார் என்ற இளக்காரத்தில் எழுதிய வரி. சீருடைக் கடைத் தலைக்கனம் எழுதிய வரி. அதை நம்பி ஒரு சாண் சுவரை மடிக்கப் போகிறார்கள். அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது என்பார்கள். ஊரார் படத்தின் முதுகையெல்லாம் பார்த்தவருக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது.

மனசு சொல்வது ஒன்று, நிரூபிப்பது ஒன்று. அந்தத் துண்டு ஓவியர் வைத்ததுதான் என்று இப்போது இவருக்கு அடிவயிற்றில் தெரிந்தது. ஆனால் அடிவயிற்றை அறிக்கையில் இணைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அவர் பழைய வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். முப்பது வருடமாக அடிக்கிறார், நகக்கண்ணில் ஏதாவது ஒரு கலர் எப்போதும் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டே கதையைக் கேட்டார். புத்தகத்தில் எழுதியதுதானே, நீ எழுதலேன்னு சொல்லிடு என்று முதலில் கிண்டல் செய்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

பக்கத்தில் கழற்றி வைத்திருந்த ஒரு வண்டிக் கதவைக் காட்டினார். "மேல பார்த்தா எல்லாம் ஒரே கலர்தான், எவன் எப்ப அடிச்சான்னு தெரியாது. நான் போல்ட் ஓட்டையத்தான் பார்ப்பேன். ஓட்டைக்குள்ள பெயிண்ட் இறங்கியிருந்தா, ஓட்டை முதல்ல, பெயிண்ட் பிறகு. ஓட்டையைச் சுத்திப் பெயிண்ட் பேந்திருந்தா, பெயிண்ட் முதல்ல, ஓட்டை பிறகு. ஓட்டை பொய் சொல்லாது."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் கணவர் வாயிலிருந்து வந்த மிக உருப்படியான பேச்சு இதுதான் என்று உறைக்காரம்மா நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.

திங்கட்கிழமை காலை கிடங்கு திறந்ததும் படத்தைக் குப்புறக் கிடத்தச் சொன்னார். பொடி எழுத்துக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, தையலின் அடியிலிருந்து ஊசி ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். மொத்தம் நூற்றுப் பதினொன்று. முதல் இருபதும் நெருக்கமாக, ஒழுங்காக இருந்தன. பிறகு தைத்தவருக்குப் பொறுமை போயிருக்கிறது. அரை அங்குலத்துக்கு ஒரு தாவல். நடுவில் நூல் சிக்கி, அவிழ்க்கத் தெரியாமல் முடிச்சின்மேல் முடிச்சு. மேலே போகப் போக மறுபடி நெருக்கம். ஊசி பிடித்துப் பழக்கமில்லாத, ஆனால் விடுவதாக இல்லாத ஒரு கை. படித்துக்கொண்டே போகப் போக, கேவலம் என்று ஒதுக்கிய அந்தத் தையல்மேல் இவருக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது.

ஓட்டைகள் கணவர் சொன்னபடியே பேசின. கித்தான் பக்கத்து ஓட்டைகளில் ஊசி, நீலத்துக்கு அடியில் சுவருக்கு முதலில் பூசியிருந்த பழுப்பு நிறப் பெயிண்டைப் பேர்த்திருந்தது. அதன் பொடித் துணுக்குகள் நூலில் சிக்கியிருந்தன. பழுப்பு, காய்ந்த பிறகு குத்துப்பட்டது. நீலம் அப்படியில்லை. எங்கேயும் உடையவில்லை. முன்பக்கத்திலிருந்து ஓட்டை வழியாக இறங்கி, நூலை நனைத்து, பின்னால் கடுகு கடுகாக உறைந்து நின்றது.

உறைக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பழுப்புக்குப் பிறகு, நீலத்துக்கு முன்.

காப்பாளரின் அறைக்குப் போக முப்பது படிகள். போய்ச் சொல்லப் போவது, நான் எழுதியது தப்பு என்று. அடித்தல் இல்லாத புத்தகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர் சொல்ல வேண்டும். பேசாமல் ஒரு சாண் குறைத்து உறையைத் தைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் ஒருவரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அந்த நினைப்பும் ஒரு படியில் வந்தது. அடுத்த படியில் அந்தப் பெண் சுவரை இழந்து உட்கார்ந்திருப்பது கண்முன்னால் வந்தது. மிச்சப் படிகளை வேகமாக ஏறினார்.

காப்பாளர் கீழே வந்தார். சட்டக்காரரும் அளவுகோலோடு வந்து நின்றார். காப்பாளர் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, நல்ல கேள்வி ஒன்று கேட்டார். பின்னால் வந்த ஆள் துண்டைத் தைத்துவிட்டு, சுவர் முழுக்கப் புதிதாக நீலம் பூசியிருக்கலாம் அல்லவா?

உறைக்காரம்மா தெரியாது என்றார். படத்தைத் திருப்பி நிமிர்த்தச் சொன்னார். மூன்று பேரும் முன்பக்கம் வந்து நின்றார்கள். காப்பாளர்தான் திடீரென்று குனிந்தார். பெண்ணின் நாற்காலிக்கு மேலே, அந்த நீலச் சுவரின்மேல், ஓவியரின் கையெழுத்து இருந்தது. உலகத்தில் யாரும் சந்தேகப்படாத கையெழுத்து. அவர் கையெழுத்துப் போடும்போது நீலம் அங்கே இருந்திருக்கிறது. நீலம் பூசும்போது துண்டு தைத்தாகியிருக்கிறது.

"அப்போ அவர்தான் சேர்த்திருக்கார்," என்றார் காப்பாளர். "ஆனா ஏன்? துணி பத்தலேன்னா முதல்லயே பெரிய துணி எடுத்திருக்கலாமே."

உறைக்காரம்மா கையில் பாதி தைத்த உறை இருந்தது. அதை விரித்துச் சாக்குத் துண்டு இருக்கும் ஒரு சாணை மட்டும் மறைத்துப் பிடித்தார்.

"இப்போ பாருங்க மேடம்."

நாற்காலிப் பெண்ணின் மூக்குக்கும் படத்தின் ஓரத்துக்கும் நடுவில் நாலு விரல்தான் இருந்தது. சுவர் முகத்தில் இடித்தது. வகுப்பில் தப்புச் செய்த பிள்ளையைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்த மாதிரி இருந்தாள். உறைக்காரம்மா துணியை மெதுவாக இழுத்தார். ஒரு சாண் சுவரும் அதன்மேல் இருந்த வெயிலும் திரும்பி வந்தன. பெண்ணின் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் அவள் இப்போது காத்திருந்தாள்.

சட்டக்காரர் அளவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"துணி பத்தாம துண்டு வைக்கிறது ஒண்ணு மேடம்," என்றார் உறைக்காரம்மா. "மனசு ஒப்பாம வைக்கிறது இன்னொண்ணு. பொண்ணைப் போட்டு முடிச்ச பிறகுதான் அவருக்கு இடிச்சிருக்கு. வேற ஆளா இருந்தா முகத்தைத் திருத்தியிருப்பாங்க. இவர் முகத்தைத் தொடலை, கைக்குக் கிடைச்ச சாக்கை எடுத்துச் சுவரைத் தள்ளி வச்சிருக்கார். நான் எழுதினது தப்பு. நான்தான் எழுதினேன், அதனால நான்தான் சொல்லணும்."

சீருடைக் கடை நாட்களில் பதில் கிடைக்காமல் விட்ட நாத்தனார் கோட்டுக்கும் அன்றைக்குத்தான் இவருக்குப் பதில் கிடைத்தது. அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

காப்பாளர் அன்று மத்தியானமே நிபுணருக்கு ஓட்டைகளின் புகைப்படங்களோடு கடிதம் அனுப்பினார். செவ்வாய் மாலை பதில் வந்தது. நிபுணர் பெருந்தன்மையான ஆள்; ஊசி ஓட்டைகளைப் பார்க்கத் தோன்றாதது தன் பிழை, மடிக்க வேண்டாம் என்று இரண்டே வரி. சட்டக்காரர் முழு அளவுக்குப் புதுச் சட்டம் செய்தார். உறைக்காரம்மா தைத்ததைப் பிரித்துவிட்டு, ஒரு சாண் கூட்டி உறை தைத்தார். பிறகு அளவுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை எடுத்து, பதினேழு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கோடு போட்டார். 'பிறகு வந்த கை' என்ற மூன்று சொற்களின் மேல் மட்டும். அதன் பக்கத்தில், 'அவர் கைதான். பழுப்புக்குப் பிறகு, நீலத்துக்கு முன்' என்று எழுதித் தேதி போட்டார்.

கண்காட்சி முடிந்து படம் திரும்பி வந்து மாட்டியபோது, காப்பாளர் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார். படத்தின் பக்கத்தில், கண்ணாடிக்குள், அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகல் எடுத்து மாட்டியிருந்தார். அடித்த கோடும் இருந்தது. கீழே 'தையல் பிரிவு' என்று அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் உறைக்காரம்மாவுக்கு முதலில் முகம் சுண்டிவிட்டது. தன் தப்பைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்களே! ஆனால் வருகிறவர்களை மறைவில் நின்று பார்த்தார். எல்லோரும் முதலில் படத்தைப் பார்த்தார்கள், பிறகு அந்தப் பக்கத்தைப் படித்தார்கள், படித்துவிட்டு மறுபடி படத்துக்கு வந்தார்கள். இரண்டாவது தடவை வந்தவர்கள் சீக்கிரம் நகரவில்லை. சிலர் கையை நீட்டி ஒரு சாணை மறைத்து, எடுத்து, மறைத்து, எடுத்துப் பார்த்தார்கள். உறைக்காரம்மாவின் நெஞ்சு பெருமையில் விம்மியது. ஓவியர் ஊசியைக் கையில் எடுத்த அந்த நாளை இத்தனை பேர் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தேய்த்த சட்டை, நகக்கண்ணில் மட்டும் பச்சை. அவரும் கையால் சுவரை மறைத்தார், எடுத்தார்.

"யாரு வரப்போறாங்கன்னு தெரியலையே," என்றார்.

"அவருக்கும் தெரிஞ்சிருக்காது. இடத்தை மட்டும் விட்டு வச்சிருக்கார்."

கணவர் பக்கத்தில் இருந்த கண்ணாடிக்குப் போய், மனைவியின் கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் படித்தார். ஓட்டையைப் பற்றிச் சொன்ன தன் பெயரையும் போட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தார். பிறகு விரலை வைத்துக் காட்டினார்.

"எல்லாத்தையும் திருத்தினியே, 'மட்டமான தையல்'னு இன்னும் இருக்கே. அதை அடிக்க மறந்துட்டியா?"

உறைக்காரம்மா கணவரின் சட்டைக் காலரை ஒரு தடவை நேராக இழுத்துவிட்டார்.

"எதுக்கு அடிக்கணும்? அது மட்டமான தையல்தான்."